மூன்றேகாலுக்கு நான் விமானத்தில் இருந்தேன்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். விருத்தாசலத்தில் செராமிக் படித்து, எந்த மண் எத்தனை டிகிரியில் வேகும் என்று பார்த்துப் பிழைப்பு நடத்துகிறவன், அளக்க முடியாத எதையும் ஒப்புக்கொண்டதே இல்லை. இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

2006-ல் நான் கனடாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் இருந்தபோது ஊரில் அப்பா இறந்துபோனார். அதை என் அண்ணன் செல்வராசு எனக்குச் சொன்னதே மூன்றாம் நாள்தான், எரித்து முடித்த பிறகு. நீ வந்து சேர ரெண்டு நாளாகும், அதுவரைக்கும் வைத்திருக்க முடியாது என்று போனில் சாதாரணமாகச் சொன்னான். காரியத்துக்காவது போவோம் என்று டிக்கெட் எடுத்தேன், ஆனால் எதற்குப் பொய் சொல்ல வேண்டும், அவன் கையில் கிடைத்தால் கொன்றுவிடலாம் போலத்தான் இருந்தது.

எனக்கு விமானத்தில் தூக்கம் வராது. அதற்கு முந்தின தடவை ஊருக்கு வந்தபோது ஒரு வாரம் பகலெல்லாம் விழுந்து கிடந்தேன். கூட வேலை பார்த்த தாமஸ் ஒரு வழி சொன்னார். ஏறி உட்கார்ந்ததும் வாட்சை இந்திய நேரத்துக்கு மாற்றிவிடு, காபியைத் தொடாதே, கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் உன் வீட்டு கேட்டைத் திற, ஒவ்வொரு இடமாகத் தொட்டுத் தொட்டு நட, கடைசி அறைக்குப் போவதற்குள் தூங்கிவிடுவாய் என்றார்.

முதல் விமானத்தில் அது பலிக்கவில்லை. பிராங்க்பர்ட்டில் மாறி ஏறினேன், சாப்பாடு முடிந்ததும் கண்பட்டியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் நடந்தேன். கேட், வராந்தா, கூடம், சமையல்கட்டு, பின்கதவு. பின்னால் அண்ணனின் பட்டறை, கரண்டுக்கு மாட்டுகிற பீங்கான் பியூஸ் செய்கிற இடம். சுடாத பியூஸ்கள் பலகை பலகையாகக் காய்ந்துகொண்டிருந்தன, அவன் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சூளைப் பக்கம் சாத்தியிருந்த இரும்புக் கம்பியை எடுத்தேன்.

முதல் அடி தோளில். அவன் திரும்பிக் கையைத் தூக்கினான், அந்தக் கையிலேயே போட்டேன், எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. பலகைகளோடு சரிந்து விழுந்தான், சுடாத பியூஸெல்லாம் அவன் மேல் நொறுங்கின, அந்த வெள்ளைத் தூளில் ரத்தம் இறங்கியது. நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உண்மையைச் சொன்னால், நன்றாக இருந்தது.

பக்கத்து ஸீட்டில் இருந்த வயசான அம்மா என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "யாரப் போட்டு இப்படி அடிக்கிறீங்க தம்பி?" என்றார். வாட்சில் இந்திய நேரம் மத்தியானம் மூன்றேகால். என் வலது உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. ஸீட்டின் கைப்பிடியில் உரசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

விடியற்காலை ஊர் வந்து சேர்ந்தால் வீட்டில் அண்ணி மட்டும் இருந்தார், அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நேற்று மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அவர் கடைவீதிக்குப் போயிருந்த நேரத்தில் யாரோ பட்டறைக்குள் புகுந்து அண்ணனை அடித்துப் போட்டுவிட்டார்களாம், யாரென்று கேட்டால் வாயைத் திறக்கவில்லையாம், போலீஸும் வேண்டாம் என்கிறானாம்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அவன் சுவரோடு ஒடுங்கினான். தலையில் தையல், வலது கையில் மாவுக்கட்டு. அண்ணியை வெளியே போகச் சொன்னான்.

"ராத்திரியெல்லாம் எங்கடா இருந்த?" என்றான்.

"இப்பதாண்ணே வரேன். பிளேன்லருந்து நேரா வரேன்."

போர்டிங் பாஸை எடுத்துக் காட்டினேன். அதை வெகுநேரம் பார்த்தான்.

"அடிக்கிறப்ப நீ ஒண்ணு சொன்னடா. அப்பா மொகத்தக்கூடக் காட்டலியேன்னு சொல்லிச் சொல்லி அடிச்ச. நான் செஞ்சது தப்புதான். அதான் யாராண்டயும் சொல்லல."

உரிந்த கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன். காரியத்தன்று அவன் கை எழாததால் பிண்டமெல்லாம் நான்தான் உருட்டினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு நான் எப்போது ஊருக்குக் கிளம்பினாலும், விமானம் எத்தனை மணிக்கு ஏறுகிறது, எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று கேட்டுக்கொள்வான். அந்த நேரம் முழுக்க வீட்டைப் பூட்டிவிட்டு, அண்ணியோடு விருத்தாசலம் ஜங்ஷனில் ஜனங்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருப்பான். நானும் தூங்காமல்தான் வருவேன். 2009-ல் ஒரே ஒரு தடவை அசந்துவிட்டேன், பத்து நிமிஷம் இருக்கும், கனவுகூட வரவில்லை. சென்னையில் இறங்கிப் போன் போட்டேன்.

"எதுத்த வூட்டுக்காரங்க சொன்னாங்க," என்றான் அண்ணன். "நீ வந்து பூட்டையே பாத்துக்கிட்டு நின்னியாம். கூப்புட்டதுக்கு, எங்கண்ணன் எங்கன்னு கேட்டியாம்."