தம்புரான் சுமந்துவந்த வாழைத்தார்

எங்கள் பழைய ராஜா, கோவிலகத்துத் தம்புரான், காலமாகிவிட்டார் என்ற செய்தி பால் சொசைட்டிக்கு வந்தபோது அங்கே நின்ற அத்தனை பேரும் திகைத்தார்கள். நான் திகைக்கவில்லை. அவருடைய ராஜ்யம் போகும் என்றும், சர்க்கார் தந்த மானியம் நிற்கும் என்றும், இந்த ஆடி மாசத்துக் கர்க்கடக மழையை அவர் தாண்டமாட்டார் என்றும் முன்கூட்டியே சொன்னவன் நான். சாட்சிக்கு என் சம்சாரம் இருக்கிறாள். அவளுக்கு ஞாபகமில்லை, அது வேறு விஷயம்.

அவரை நீங்களும் அறிவீர்கள். ஆனால் எட்டாவது வரை சரித்திரம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கோபித்துக்கொண்ட குடிகளுக்கு ராஜா முதலில் ஆளை அனுப்புவான்; அது பலிக்காவிட்டால் பரிசை அனுப்புவான். ஆளைவிடப் பரிசுக்குத்தான் பயப்பட வேண்டும்.

எங்கள் அப்பா ஓணந்தோறும் நேந்திரன் தார் ஒன்றைச் சுமந்துபோய்க் கோவிலகம் என்கிற அந்த அரண்மனையின் முற்றத்தில் வைத்துவிட்டு, குனிந்தபடியே பின்னால் நடந்து வருவார். ஒவ்வொரு தாரும் ஆள் உயரம் இருக்கும். குத்தகைக்காரன் வைக்கும் அந்தக் காணிக்கைக்குக் காழ்ச்சை என்று பெயர். குத்தகைக்காரனுக்கே நிலம் என்ற சட்டம் வந்த வருஷம், கிழக்குப் பாலக்காட்டிலேயே முதல் ஆளாக அதை நிறுத்தியவன் நான்.

அந்த ஓணத்துக்குத் தம்புரானே எங்கள் வாசலுக்கு நடந்து வந்தார், தோளில் வாழைத்தாரோடு. ஊரே கூடிவிட்டது.

"நீ கொண்டு வரலை ராமசாமி. அதான் ஞான் கொண்டு வந்தேன்" என்றார்.

சம்சாரம் என் காதோரம் வந்தாள். "ஏனுங்க, கை நீட்டிப் போடாதீங்க. குத்தகைக்காரன் குடுப்பான், கூலிக்காரன்தானுங்க வாங்குவான்."

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. வாய்க்காலோரத்து நிலம் யாருக்கு என்று லேண்ட் டிரிப்யூனலில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. எங்கள் குத்தகை முழுக்க வாய்ப்பேச்சு. கையில் ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. தம்புரானின் மருமக்களோ, அதாவது சொத்துக்கு வாரிசான அவருடைய சகோதரி பிள்ளைகள், எங்களை வெறும் கூலியாட்கள் என்று சாதித்தார்கள். தாரை வாங்கினால் நிலம் போயிற்று.

"அந்த வேலியோரமா வெச்சுப்போட்டுப் போங்க தம்புரானே" என்றேன். வைத்துவிட்டுப் போனார்.

பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுசாமி பழத்தை மோந்து பார்த்தான். "மச்சான், மருந்து கிருந்து வெச்சிருப்பாரோ? உங்க எருமைக்கு ஒண்ணு போட்டுப் பாருங்க."

"ஏன்டா, உன்ர எருமை விரதமா?"

கடைசியில் என் எருமைதான் தின்றது. மறுநாள் பால் இரட்டிப்பாயிற்று. என் சந்தேகமும்தான்.

விசாரணை நாளில் அதிகாரி அவரைக் கேட்டபோது, தம்புரான் மருமக்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இவன்றெ அச்சன் கொண்டுவந்த குலையை ஓணந்தோறும் ஞான் தின்னுருக்கேன். கூலிக்காரன் எனக்கு எதுக்குக் காழ்ச்சை வைக்கணும்? இவன் குத்தகைக்காரன்தான்."

நிலம் எங்களுக்கானது. இதில் அவருக்கு என்ன லாபம் என்று இன்றுவரை யோசிக்கிறேன். சூழ்ச்சி வெளிப்படவேயில்லை, அவ்வளவு ஆழமான சூழ்ச்சி.

அன்று டிரிப்யூனல் வராந்தாவில், நூறு பேர் நடுவில், நேருக்கு நேர் கேட்டேன்: "எதுக்காக இப்படிச் சொன்னீங்க?"

"குடிகள் கோபிச்சால்தான் ராஜாவுக்கு அவங்க வீட்டு வழி தெரியும்" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பவை வாய்க்காலோரத்து நிலமும் இந்த வார்த்தையும்.

நிலம் நிஜம். வார்த்தை நான் கட்டியது. நான் எதையும் கேட்கவில்லை. அவர் எதையும் சொல்லவில்லை. ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். என்னைப் பார்த்ததும் அவர் ஜன்னலோரமாக நகர்ந்து இடம் விட்டார். நான் இறங்கவேண்டிய கொழிஞ்சாம்பாறை வரை நின்றுகொண்டே வந்தேன்.