பிரிக்காத கடிதமும் எரியாத புண்ணும்

போன வருடம் சித்திரை மாதம், மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் வேலை மும்முரமாக இருந்தபோது நடந்தது இது. நான் அங்கே கூடை சுமக்கிறவள். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எதற்கெடுத்தாலும் பயம் எனக்கு. கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஆள்.

விடியற்காலையில் உப்புப் பாத்தியில் இறங்கினால் எட்டு மணிக்குக் கஞ்சி குடிக்கக் கரையேறுவோம். அந்த நேரத்தில் கொட்டகையில் என் செல்போனில் ஒரு தொடர்கதை ஓடும். தினமும் ஒரு பகுதியை யாரோ வாசித்துப் போடுவார்கள். முகத்துவாரத்தில் தோணி விடுகிற ஒருத்தியின் கதை. புயலில்கூடத் தோணியை எடுப்பாள். ஆனால் வெளிநாடு போன புருஷனைப் பற்றி வந்த கடிதத்தை மட்டும் பிரிக்காமல் அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். நாள் போகப்போக எங்கள் கொட்டகையில் இரண்டு கட்சி ஆகிவிட்டது.

கதைக்குக் கீழே மற்றவர்கள் எழுதுவதையும் நான்தான் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுவேன். ‘இவ்ளோ பயந்தாங்கொள்ளிய எதுக்குக் கதாநாயகியா வெச்சீங்க?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘பிரிக்காத வரைக்கும் அவளுக்குப் புருஷன் உயிரோடு இருக்கிறான்’ என்று இன்னொருவர். அதை மட்டும் நான் இரண்டு தடவை படித்தேன்.

என் தலைக்குக் கூடை தூக்கிவிடும் அக்காதான் அந்தத் தோணிக்காரியை அதிகம் திட்டுவாள். அந்த அக்காவுக்கு வாய் நீளம். காலையில் அவளிடம் ஒன்றைச் சொன்னால் கஞ்சி நேரத்துக்குள் எல்லாப் பாத்திக்கும் போய்விடும்.

“புயல்ல போறாளாம், ஒரு காகிதத்தப் பாத்து நடுங்குறாளாம். இன்னாடி கதை இது?”

“புயல் எல்லாருக்கும் வருதுக்கா. கடுதாசி அவளுக்கு மட்டும்தான வந்துச்சு?”

“பயமா இருந்தா யாராண்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்றது?”

“யார நம்பிக் குடுப்பா?” என்றேன். குரல் உடைந்துவிட்டது. கதைக்கு அழுகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். சில நாட்களுக்கு முன் காய்ந்த உப்புக்கட்டி என் இடது உள்ளங்காலைக் கீறியிருந்தது. வெட்டுக்காயத்தோடு உப்புத் தண்ணீரில் இறங்கினால் எரிச்சலில் உயிர் போகும், உப்பளத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு எரியவில்லை. முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு பார்த்தால் புண் அகன்றுகொண்டே போகிறது, எரிச்சல் மட்டும் இல்லை. என் அம்மாவுக்குச் சர்க்கரை நோயில் காலை எடுத்தார்கள். அதை நினைத்தே யாரிடமும் சொல்லாமல், துணி சுற்றி சாக்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தேன்.

எல்லோரும் பாத்திக்குத் திரும்பியபோது அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“கால காட்டு.”

“ஒண்ணுமில்லக்கா.”

“அவ பானையில போட்டா. நீ சாக்ஸுக்குள்ள போட்டு வெச்சிருக்கியா? காட்டுடி.”

காட்டினேன். பார்த்ததும் அவள் நேராக மேஸ்திரியிடம் போனாள். இன்றோடு வேலை போச்சு, விஷயமும் ஊருக்குப் போச்சு என்று நினைத்துக்கொண்டே அவசரமாகச் சாக்ஸை இழுத்து மாட்டினேன்.

“எனக்குப் பல்லு வலி தாங்கல. தனியாப் போவ பயமா இருக்குது. இவளக் கூட்டிட்டுப் போறேன்” என்றாள் அக்கா.

“உனக்கா பயம்? உன் வாயில மாட்டிக்கினு அந்தப் பல்லுதான் பயந்து கெடக்குது. போ” என்றார் மேஸ்திரி.

பஸ் ஏறிப் பாண்டிக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் படுக்க வைத்து, “கண்ண மூடிக்கோங்கம்மா. கால்ல குத்தும்போது சொல்லுங்க” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரமாகியும் ஒன்றும் ஆகவில்லை. “குத்துங்க டாக்டர்” என்றேன்.

“நாலு தடவ குத்திட்டேம்மா.”

கண்ணைத் திறந்தேன். எந்நேரமும் பேசுகிற அந்த அக்கா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சர்க்கரை ஏறிக் காலில் உணர்ச்சி போயிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் காலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். புண் ஆற இரண்டு மாதம் ஆனது. கால் பிழைத்தது.

நான் திரும்பி வந்தபோது எல்லோரும், “தங்கச்சிக்கு என்ன கொழந்த?” என்று கேட்டார்கள். நான் தங்கச்சி பிரசவத்துக்குத் துணையாகப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள் அக்கா. தனியாக இருந்தபோது, “ஏங்க்கா, நெசமாவே யாராண்டயும் சொல்லலயா?” என்று கேட்டேன்.

“ஊர்க் கதையத்தான்டி நான் ஊருக்குச் சொல்வேன். இது உன் கதை. நீயே சொல்லிக்கோ” என்றாள்.

கொட்டகையில் நானே சொன்னேன். கடிதத்தை வைத்து என்னோடு சண்டை போட்டவர்களில் ஒருவர்கூட என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லை. ஒருத்தி மட்டும், தன் மார்பில் ஒரு கட்டி இருப்பதாக மெதுவாகச் சொன்னாள். அவளையும் அக்காதான் கூட்டிப் போனாள். பயப்படும்படி எதுவுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் பாத்தியில் இறங்குகிறேன். தினமும் வேலை முடிந்ததும் அக்கா என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி விரல் விரலாகப் பார்க்கிறாள். அந்த நேரத்தில்கூட என்னைத் திட்டிக்கொண்டேதான் இருப்பாள். என் பயம் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் என் உள்ளங்காலை என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று நினைக்கும்போது, அந்தப் பயத்தைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டே நிம்மதியாகத் தூங்கிவிடுகிறேன்.