சூரியனில் நான் பார்த்த கறுப்பு

எனக்கு எண்பத்தாறு வயசு. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். குர்ஆன் ஓதத் தெரியும், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த மறுவருஷம், கோட்டைப்பட்டினத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது இது. ரமலான் பிறை பார்க்க எங்கள் தெருப் பெண்களெல்லாம் ஏறி நின்றோம். எனக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் உம்மாவும் வந்திருந்தார்கள். பெருநாள் கழிந்ததும் கல்யாணம் என்று பேச்சு.

மேற்கே ஒரே புழுதி மூட்டம். பனைமரங்களுக்கு மேலே சூரியன் செம்புத் தட்டு மாதிரி, கண் கூசாமல் நின்றது. அதன் நடுவுக்குச் சற்றுக் கீழே மிளகு ஒட்டினாற்போல ஒரு கறுப்பு.

"சூரியனுக்குள்ள என்னமோ கறுப்பா இருக்கே" என்று நான்தான் வாயை விட்டேன். மற்றவர்கள் முக்காட்டை விலக்கிப் பார்ப்பதற்குள் சூரியன் மூட்டத்துக்குள் போய்விட்டது. சின்னப் பிள்ளைகள் மட்டும் "ஆமா, தெரிஞ்சுச்சு" என்றன. அதுகள் நான் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிறவை. அன்றைக்குப் பிறையும் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் உம்மா என் முகவாயைப் பிடித்துத் திருப்பிக் கண்ணைப் பார்த்தார்கள். "பூ விழுந்திருக்கும் போலயே" என்றார்கள். கீழே கூட்டிப்போய் ஊசி கோர்க்கச் சொன்னார்கள். ஒரே தடவையில் கோர்த்துக் கொடுத்தேன்.

"கிட்டப் பார்வை இருக்கு. எட்டத்துலதான் கோளாறு" என்று சொல்லிப் போய்விட்டார்கள். மகன் கப்பலிலிருந்து வரட்டும், அப்புறம் பேசலாம் என்று மறுநாள் சேதி வந்தது.

என் உம்மா அழுதார்கள். "கண்ணுல தூசி விழுந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிரு புள்ளே. கல்யாணம் நிக்குது." நான் மாட்டேன் என்றுவிட்டேன். தூசி விழவில்லையே, எப்படிச் சொல்வேன்?

ஆனால் மனசு கேட்கவில்லை. தினமும் நோன்பு திறப்பதற்கு முன்னால், காய்கிற துணியை எடுக்கும் சாக்கில் மேலே ஏறுவேன். அந்தக் கறுப்பு நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு நாள் அடி விளிம்பில் நகக்கீறல் மாதிரி நின்றது. மறுநாள் இல்லை. கண்ணில் பூ என்றால் அது ஏன் நடந்து போக வேண்டும்? கேட்கத்தான் ஆள் இல்லை.

பெருநாள் கழித்து மாப்பிள்ளை ஊருக்கு வந்தார். கொழும்பிலிருந்து போகிற கப்பலில், கம்பியில்லாத் தந்தி அறையில் அவருக்கு வேலை. தன் உம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அவர் என் வாப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தக் கறுப்பு ஒரே இடத்துல நின்னுச்சா, நகண்டுச்சான்னு கேளுங்க மாமா."

வாப்பா திரும்புவதற்குள் நானே, "கீழ இறங்கி இறங்கிப் போயிருச்சு" என்றேன். பக்கத்தில் நின்ற என் உம்மா கையைக் கிள்ளினார்கள்.

அவர் சிரித்துவிட்டார். பிறைக்குச் சில நாள் முன்னால் கப்பலில் தந்திச் சத்தமே கேட்காமல், ஒரே இரைச்சலாக இருந்ததாம். "நீதான் மிஷினைக் கெடுத்துட்டே" என்று மேலதிகாரி அவரைத் திட்டினாராம். கரைக்கு வந்தால் எல்லாக் கப்பலிலும் அதே கதையாம். சூரியனில் அப்படிக் கறுப்பு வரும்போது அங்கே புயல் கிளம்புமாம். அது வீசியெறிவது இங்கே வந்து மோதுமாம். பூமியே ஒரு பெரிய காந்தமாம். அந்தக் காந்தம் குலுங்குகிற நாளில் கம்பியில்லாத் தந்திக்குக் காது அடைத்துப்போகுமாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பூமி காந்தம்னா, கீழ விழுற ஊசி ஏன் தரையில ஒட்ட மாட்டேங்குது?"

"இப்பவே இந்தக் கேள்வி கேக்குறா. ஒம் பாடு திண்டாட்டம்தான்" என்று அவர் உம்மா மகனிடம் சொன்னார்கள். அந்தக் குரலில் கோபம் இல்லை. கல்யாணம் நிற்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவர் ஓர் ஊசி கேட்டார். நான் கோர்த்துக் காட்டிய அதே ஊசியைக் கொடுத்தேன். பையிலிருந்த காந்தத்தில் தேய்த்து, வைக்கோல் துண்டில் வைத்து, கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கதவிடுக்கு வழியே தள்ளினார். ஊசி மெல்லத் திரும்பி, தொழுகிற திசைக்குக் குறுக்கே, வடக்கு தெற்காக நின்றது. விரலால் தள்ளினேன். திரும்பவும் அங்கேயே போய் நின்றது.

"பூமி அதை இழுத்து ஒட்ட வைக்காது, திருப்பி மட்டும் வைக்கும்" என்றார் வெளியிலிருந்து. "சூரியன்ல புயல்னா இந்த ஊசியும் நடுங்கும். நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது."

கல்யாணம் நடந்தது. அவர் போய் வருஷங்களாச்சு. இப்போதுதான் எனக்கு நிஜமாகவே கண்ணில் பூ விழுந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பேரப்பிள்ளைகளை வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்க விடமாட்டேன். ஆனால் ஒரு பிள்ளை வந்து, யாரும் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னால், அதன் கண்ணைச் சோதிக்க மாட்டேன். அது நகர்ந்ததா என்றுதான் கேட்பேன்.

எழுதினது போதும்மா. தூசி விழுந்துச்சுன்னு நான் சொல்லலைன்னு சரியா எழுதியிருக்கியா? அந்த இடத்தை ஒருதரம் வாசி, கேப்போம்.