மிக்கேல் அண்ணன் மிதித்த தரை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சிரிக்காதீர்கள் சார், இதைச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, நம்பினால் நம்புங்கள்.

என் வேலை எரிமலைக்கு ஸ்கேன் எடுப்பது மாதிரி. எங்காவது பூகம்பம் வந்தால் அதன் அலை மலைக்கு அடியில் புகுந்து வரும், கெட்டிப் பாறையில் வேகமாக வரும், உருகின குழம்பில் தடுமாறித் தாமதமாக வரும், அந்தத் தாமதத்தை வைத்து உள்ளே எங்கே என்ன இருக்கிறது என்று படம் போடுவோம். அந்தமான் பக்கம் ஆளில்லாத ஒரு எரிமலைத் தீவில் கருவிகளைப் புதைத்தது நானும் மிக்கேல் அண்ணனும்தான். அவர் நாகர்கோவில்காரர், நான் பாளையங்கோட்டை. தில்லி ஆபீசில் என்னோடு தமிழ் பேசிய ஒரே ஆள்.

கருவியைப் புதைத்ததும் ஒருவர் பக்கத்தில் நின்று தரையை மிதிக்க வேண்டும், மற்றவர் லேப்டாப்பில் கோடு துள்ளுகிறதா என்று பார்த்துக் கத்த வேண்டும். அவர் கத்தும்வரைக்கும் மிதிப்பதை நிறுத்தக் கூடாது, அது எங்கள் வழக்கம். அண்ணனுக்கு மூட்டுவலி வேறு. தொம் தொம் என்று இரண்டு, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாக ஒன்று.

"வந்துட்டா மக்கா?" என்பார்.

"வந்துட்டுண்ணே, போதும்!" என்பேன்.

ஊருக்குப் போன இடத்தில் அண்ணனுக்கு மாரடைப்பு, போய்விட்டார். அதற்குப் பிறகு ஆபீசில் 'அச்சா' தவிர எனக்குப் பேச எதுவுமில்லை.

ஹோலி அன்று லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் முழுக்கக் கலரும் கூச்சலும். என் கதவை யாரும் தட்டவில்லை. தட்டியிருந்தால் திட்டியிருப்பேன், அது வேறு விஷயம், ஆனால் தட்டவில்லை. ஆபீசுக்குப் போய்விட்டேன். வாசலில் காவலுக்கிருந்த பையாவைத் தவிர ஈ காக்கா இல்லை. தீவிலிருந்து சாட்டிலைட் வழியாக வரும் கோடுகள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. பட்டப்பகலில் சார், கோடு துள்ளியது. இரண்டு. கொஞ்சம் இடைவெளி. மெல்ல ஒன்று.

ஆடாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன், அங்கே காட்டாடுகள் உண்டு. ஆனால் ஆடு மிதித்தால் பக்கத்துக் கருவியில் மட்டும்தான் தெரியும், இது தீவிலுள்ள எல்லாக் கருவியிலும் வந்தது. எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டேன். மலைக்கு நேர் கீழே, எங்கள் படத்தில் குழம்பு இருக்கிற ஆழம். அங்கே மிதிக்கத் தரையே கிடையாது.

மறுபடி இரண்டு, ஒன்று. மறுபடி. ஒவ்வொரு தடவையும் கடைசி மிதி இன்னும் மெலிந்து, இன்னும் தாமதமாக. அவருக்குக் கால் வலிக்குமே என்று என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் காலி அறையில் கத்தியேவிட்டேன்: "வந்துட்டுண்ணே, போதும்!"

கோடு அப்படியே அடங்கிவிட்டது.

கருவிக் கோளாறு என்று ஆபீசில் சொன்னார்கள், அச்சா என்றேன். தில்லியில் நான் கத்தியது அங்கே எப்படிக் கேட்டது என்பதைக்கூட விட்டுவிடுங்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து ஒருத்தர் 'வந்துட்டா மக்கா' என்று என்னைக் கேட்டிருக்கிறார், அவரிடம் போய்ப் போதும் என்று சொல்லிவிட்டேனே, பாவி. இன்றைக்கும் திரையை அணைக்காமல் வைத்திருக்கிறேன். ஆடு மிதிக்கிறது, பூகம்பம் வருகிறது. அந்த இரண்டும் ஒன்றும் மட்டும் வரவே இல்லை.