புகைக்குழலுக்குச் சுற்றிய கம்பி

துபாய்க்கு அந்தப் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஓடு செய்யும் கம்பெனி ஒன்றில், சூளைப் பிரிவில் என் வீட்டுக்காரர் ஃபோர்மேனாக இருந்தார். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். குவார்ட்டர்ஸில் ஒரு ரூம், ஒரு அடுக்களை. எங்கள் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் சிலருக்கு மதியச் சாப்பாடு நான்தான் பொங்கிப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பைத் தாண்டியவள் இல்லை நான். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் என் அடுப்பைப் பார்க்க வேறு ஆளைக் கூப்பிட்டதில்லை. அங்கே எல்லாம் கரண்டு அடுப்புதான். மண் தட்டில் வளைந்து வளைந்து ஓடுகிற கம்பிச் சுருள் எங்கேயாவது அறுந்துபோகும். கரண்டைப் பிடுங்கிவிட்டு, அறுந்த முனைகளை இழுத்து முறுக்கிவிடுவேன். முறுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்தால் அந்த இடம்தான் முதலில் வெந்து மறுபடி அறும்.

என் வீட்டுக்காரருக்குச் சிகரெட்தான் சோறு. விடிந்தால் இருமல். 2009 வாக்கில் கம்பெனி கிளினிக்கில் இருந்த மலையாளி டாக்டர் அவர் நெஞ்சுப் படத்தைத் தூக்கிப் பிடித்து, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மே, சிகரெட் விட்டா ஆள் உண்டு. விடலேன்னா நீங்க தயாரா இருக்கணும்."

கப்பலில் வேலை பார்த்த எங்கள் மூத்த மகனுக்குப் போன் போட்டு அழுதேன். அவன் சீனாவில் ஏதோ துறைமுகத்தில் இறங்கியபோது கரண்டு சிகரெட் ஒன்று வாங்கி, தெரிந்தவர் கையில் கொடுத்துவிட்டான். பேனா அளவில் ஒரு குழல். அடியில் பேட்டரி, நடுவில் விரல்நுனி அளவு ஒரு தகரக் கிண்ணம். அதற்குள் ஒரு துண்டுத் திரி, திரியைச் சுற்றித் தலைமயிர் போல ஒரு கம்பிச் சுருள். கூடவே வந்த குப்பி மருந்தைத் திரியில் சொட்டிவிட்டு உறிஞ்சினால் கம்பி காயும், மருந்து ஆவியாகி வாய்க்குள் வரும். நெருப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. அவர் இரண்டு வாரம் ஊதினார். பிறகு கம்பி கருகிப் போயிற்று. அந்த ஊரில் எந்தக் கடையிலும் மாற்றுச் சாமான் கிடைக்கவில்லை.

"போச்சு, இனி நம்ம பழைய ஆளுதான்" என்று சட்டைப் பையில் சிகரெட் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"கம்பிதான போச்சு? இங்க தாங்க" என்று குழலை வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு அதுவே கவலை. எலக்ட்ரிக்கல் பிரிவில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுகிற தம்பி ஒருவன் எங்களிடம் சாப்பிட வருவான். அவன் முதலில் சூளைக் கம்பியைக் கொண்டுவந்தான். அது துடைப்பக் குச்சி கனம். தலைமுடி காயவைக்கிற மிஷினில் இருந்து எடுத்த கம்பியும் தடிமன்தான், கொஞ்சம் சூடாவதற்குள் பேட்டரி செத்துவிடும். கடைசியில், ஈயம் பற்றவைக்கிற, கெட்டுப்போன ஒரு சால்டரிங் அயர்னை உடைத்தபோது உள்ளே மயிரிழை போலச் சுற்றியிருந்தது. அதுதான் சரி. தையல் ஊசியில் ஐந்து சுற்றுச் சுற்றி, ஒன்றை ஒன்று தொடாமல் நகத்தால் விலக்கி, ஊசியை உருவி, அந்த ஓட்டைக்குள் திரியை நுழைத்தேன்.

திரிதான் பெரும்பாடு. ஊர் மாதா கோயிலில் மந்திரித்த மெழுகுதிரி ஒன்று என் பெட்டியில் இருந்தது. எங்கள் பக்கம் அதை இடி மின்னலுக்குக் கொளுத்துவோம், உயிர் இழுத்துக் கிடப்பவர் தலைமாட்டிலும் கொளுத்துவோம். மந்திரித்தது நெஞ்சுக்கு நல்லது செய்யும் என்று நினைத்து, மெழுகை வெந்நீரில் உருக்கி எடுத்துவிட்டு அந்த நூலையே போட்டேன். மெழுகு முழுக்கப் போகவில்லை. அவர் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏளா, என்னத்தப் போட்டு வச்சிருக்க? செத்த வீட்டு மணம் அடிக்கு."

"மந்திரிச்ச திரிதான். நல்லதுதான செய்யும்."

"நல்லா செய்யும். உயிரோட இருக்கயிலயே எனக்கு மெழுகுதிரி கொளுத்திட்டியே!"

சாப்பிட வந்தவர்கள் புரையேறச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்தபடியாகக் காயில் தம்பி சூளைக் கதவுக்கு அடைக்கிற வெள்ளைக் கயிற்றில் ஒரு முழம் கொண்டுவந்தான். "இது எரியவே செய்யாது யக்கா" என்றான். பிரித்துப் பார்த்தேன். கண்ணாடி நார். இரண்டு நாள் விரலெல்லாம் அரித்தது. விரலில் ஏறுகிறது நெஞ்சில் ஏறாதா என்று குப்பையில் போட்டேன். பிறகு ஊரிலிருந்து பருத்திப் பஞ்சு வரவழைத்தேன். பச்சைப் பஞ்சு ஈரம் குடிக்காது, தண்ணீரில் மிதக்கும். சோடா உப்புப் போட்டு வேகவைத்து அலசிக் காயவைத்தால் போட்டவுடன் முங்கும். அந்தப் பஞ்சு அமைந்தது. வாசனை இல்லை, காறல் இல்லை. அவரே தலையாட்டினார்.

அதற்குப் பிறகும் குழல் வாரா வாரம் கெட்டது. "கம்பி போச்சுளா" என்று மேசையில் வைப்பார். நான் சரிசெய்து தரும்வரை சிகரெட் பிடித்துக்கொள்ளலாம் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். என் கை சரியில்லையோ, முறுக்குத் தளர்ந்ததோ என்று அடுப்பில் சோறு கொதிக்கும்போதுகூட அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அவர் மேசையில் வைத்த குழலைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஊதிய திரி பழுப்பேறிப் பிசுபிசுக்கும். இந்தத் திரி நான் வைத்த வெள்ளையிலேயே இருந்தது, ஒரு சொட்டு மருந்து கண்டதில்லை. சூட்டில் அறுகிற கம்பியின் முனை கறுத்து உருண்டிருக்கும், என் அடுப்பில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இதன் முனை பளபளவென்று இருந்தது. யாரோ நெம்பி ஒடித்த முனை.

காயில் தம்பி சாப்பிட வந்தபோது தட்டை வைக்காமல் கேட்டேன். அவன் தலையைக் குனிந்தான்.

"யக்கா, அண்ணாச்சி அத ஊதி நான் பாத்ததே இல்ல. டூட்டி முடியப் போற நேரம் சட்டைல குத்துற ஊக்க வச்சு கம்பில ஒரு குத்து குத்துவாரு. 'வீட்டுல ஒர்க்‌ஷாப்புக்கு ஆர்டர் வேணும்லா'ன்னு சொல்லுவாரு. பயலுவ எல்லாம் சிரிப்பானுவ."

"நீயும் சிரிச்சியா?"

தட்டை வைத்தேன். சாப்பிட்டுவிட்டுப் போனான்.

என் வீட்டுக்காரர் வந்ததும் குழலைத் திறந்து, வெள்ளைத் திரி தெரிய அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அசரவில்லை.

"கைக்கு வேலை இருந்தா ஒன் வாய் சும்மா கெடக்கும்னு பாத்தேன். நிம்மதியாத்தான இருந்த?"

"ஒங்க நெஞ்சுக்காகத்தான செஞ்சேன்."

"என் நெஞ்சு. அதுக்கு நான்தான் ஃபோர்மேன். போ, சோத்தப் போடு."

குழலை மூடித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஊசியையும் கம்பியையும் அன்றைக்கே நான் பெட்டியில் போட்டு மூடினேன். சிகரெட்டைப் பற்றி அப்புறம் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

விசா புதுப்பிக்கிற மெடிக்கலில் அவர் நெஞ்சு பாஸாகவில்லை. கம்பெனி கிளினிக்கில் அதே மலையாளி டாக்டர். "நான் அன்னிக்கே சொன்னேன்ல, சிகரெட் விட்டில்லே?" என்று கேட்டார். இவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு, நான் கடைசியாகக் கட்டிக்கொடுத்த குழலை எடுத்து மேசையில் வைத்தார்.

"சிகரெட்ட எப்பவோ விட்டாச்சு சார். இவ கையால கம்பி சுத்தி, திரி வச்சுக் குடுத்தா. இதத்தான் ஊதுனேன். சூளைக் கயிறு அது இதுன்னு என்னென்னத்தையோ போட்டிருக்கா."

டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முகத்தில் இருக்கிறது. "இது என்ன வயர்? உள்ளே கிளாஸ் ஃபைபர் இட்டோ?" என்றார்.

"இல்ல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். திறந்த கதவுக்கு வெளியே கம்பெனி ஆட்கள் முறைக்கு நின்றார்கள். குழலைத் திறந்து அந்த வெள்ளைத் திரியைக் காட்டினால் போதும், இவர் ஒருநாளும் இதை ஊதவில்லை என்று தெரிந்துவிடும். கூடவே, வாரா வாரம் நான் முட்டாளாகிக்கொண்டிருந்த கதையும் தெரிந்துவிடும். டாக்டர் குழலைக் குப்பைக் கூடையில் போட்டார். விசாவைக் கேன்சல் அடித்து எங்களை ஊருக்கு அனுப்பினார்கள்.

ஊரிலும் அவர் அதையே சொன்னார், இருமலுக்கு நடுவே. இரண்டு மழைக்காலம்தான் இருந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் அவர் தங்கை, "கம்பியும் நாருமா ஊதக் குடுத்து எங்க அண்ணன முடிச்சிட்டியே மயினி" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். என் மகன் என்னையே பார்த்தான். குழலை அனுப்பியவன் அவன். அப்பா அதை ஊதவே இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவனுடைய மனச்சுமையாவது குறைந்திருக்கும். நான் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புருஷனைக் கொன்றவள் என்று பேசட்டும். புருஷன் ஊரெல்லாம் சிரிக்க வைத்து ஆட்டிய பொம்மை என்று ஒருவரும் என்னைப் பேசக் கூடாது.