நீல ரேகை பதிந்த நோட்டு

உள்ளறையில் பெயிண்ட் டின் ஒன்று உருண்ட சத்தம் கேட்டது. "கையைத் துடைச்சியா?" என்று அங்கிருந்தே கத்தினார் கணவர்.

பெயிண்ட் கடை அக்கா பெயிண்ட் ஈரம் காயாத கையோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த கட்டடத்துக்காரர் மேஜைமேல் ஒரு நோட்டுக்கட்டை வைத்திருந்தார்.

"உன் அட்வான்ஸ், தங்கச்சி. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு. பெரிய கம்பெனிக்காரன் ரெண்டு மடங்கு வாடகை தர்றேங்கறான்."

அக்கா கடையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கணவர் படுக்கையில் கிடந்தபோது, வளையலை விற்றுத் தொடங்கிய கடை. கேட்ட நிறத்தைத் தானே கலப்பாள். அதே கையோடு காசும் தருவாள். "நோட்டுக்கும் பெயிண்ட் அடிக்கிறியா?" என்று கணவர் திட்டாத நாளில்லை.

கண்ணீரோடு நோட்டுக்கட்டை எடுத்தவள் திகைத்தாள். மேல் நோட்டில் நீலக் கட்டைவிரல் ரேகை!

"இது யார் கொடுத்தது அண்ணே?"

"தையற்கடைக்காரன். காலையில வாடகை கொடுத்தான்."

"பள்ளிக்கூட கேட்டுக்கு நான் கலந்த நீலம் இது! அன்னிக்குத் தச்சருக்கு அலமாரிக் கூலி கொடுத்தேன். அவர் தன் பிள்ளைங்களுக்குத் தையற்கடையில சட்டை தைக்கக் கொடுத்திருக்காரு. அது வாடகையா உங்ககிட்ட வந்திருக்கு!" விரல் அடுத்த நோட்டுக்குத் தாவியது. "இந்தச் சிவப்பும் என்னுதுதான்!"

கணவர் ஊன்றுகோலோடு வந்து எட்டிப் பார்த்தார். "எப்பவோ சொன்னேன், கையைத் துடைன்னு."

"நீங்க சும்மா இருங்க! அண்ணே, கம்பெனிக்காரன் தச்சருக்கு வேலை கொடுப்பானா?"

கட்டடத்துக்காரர் முகம் மாறியது. "அலமாரி, ஆளுங்க சட்டை, ஆணிகூட தலைமை ஆபீஸ்லேர்ந்து வருமாம். பெருமையா சொன்னான்."

"வசூலும் அங்கேயேதான் போகும். தச்சருக்குக் கூலி இல்லேன்னா தையற்கடைக்கு ஏது வேலை? உங்க மத்த நாலு கடை வாடகையை யார்கிட்ட கேப்பீங்க?"

அவர் நோட்டுக்கட்டைத் திரும்ப வாங்கி அந்த நீல ரேகையைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு கடையில ரெண்டு மடங்கு வாங்கிட்டு நாலு கடைக்குப் பூட்டா? நல்லா பொழைச்சேன் போ!" நோட்டுக்கட்டைத் தன் பைக்குள் போட்டவர், நீல நோட்டை மட்டும் நீட்டினார். "நீயே இரு தங்கச்சி. இதை முன்பணமா வச்சுக்க. எங்க வீட்டு கேட்டுக்கும் அதே நீலம் கலந்து வை."

அக்கா பெயிண்ட் ஈரம் போகாத கையாலேயே வாங்கிக்கொண்டாள்.

அவர் படியிறங்கியதும் கணவர் கதவைச் சாத்தினார். கையைத் துடைக்கச் சொல்லவில்லை.