மோட்டாரை நிறுத்திக் கொடுத்த வாத்தியார்

இரண்டு வருடங்களுக்கு முந்தைய சித்திரை மாதம். பொன்னமராவதியில் நானும் என் மச்சானும், வயல் மோட்டாரைப் போனிலேயே இயக்கும் கருவி செய்து விற்கிறோம். ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். இன்னொன்று கொடுத்தால் நிற்கும். ஆனால் கருவிக்குள் இருக்கும் சிம்மோடு பேசுகிற நிரல் நாங்கள் எழுதியதல்ல. வெளிநாட்டில் யாரோ ஒருவர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் இலவசமாக வைத்திருந்தது. பல வருடங்களாக எங்கள் பிழைப்பே அதை நம்பித்தான். அவர் பெயரைக்கூட நான் கவனித்ததில்லை.

அந்த வருடம் பழைய சிம் போர்டு கிடைக்காமல் புது ரகம் வாங்கிப் பொருத்தினோம். மேசையில் வைத்துச் சோதித்தபோது ஒழுங்காகத்தான் இருந்தது. ஓட்டிப் பார்த்து உடனே நிறுத்திவிடுவோம். வயலில் மோட்டார் மணிக்கணக்கில் ஓடும் என்பது எங்கள் புத்தியில் உறைக்கவில்லை.

குடுமியான்மலைப் பக்கம் கடலை போட்டிருந்த ஒருவர், புதுக்கோட்டை போன இடத்தில் நிறுத்துவதற்கு மிஸ்டு கால் கொடுத்திருக்கிறார். மோட்டார் நிற்கவில்லை. கிணறு வற்றி, மோட்டாருக்குள் இருக்கும் காயில் கம்பி கருகப் போகும் நேரத்தில் பக்கத்து வயல்காரர் பார்த்து நிறுத்தியிருக்கிறார். அதே போர்டை இன்னும் பல ஊர்களில் மாட்டியிருந்தோம். எல்லோருக்கும் போன் போட்டு, "இப்போதைக்குக் கையாலேயே போடுங்க" என்று கெஞ்சினேன்.

நிரலைத் திறந்து பார்த்தேன், தலைகால் புரியவில்லை. அதை எழுதியவருக்கே விவரம் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. அவர் ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். அந்தப் போர்டு அவரிடம் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை லீவு, உங்கள் கருவியை இணையத்தில் இணைத்து வையுங்கள், இங்கிருந்தே பார்க்கிறேன் என்றார்.

ஞாயிறன்று லேப்டாப்போடு அந்தக் கடலை வயலுக்குப் போய் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து, வாத்தியாரை வீடியோ காலில் பிடித்தேன். அவர் அங்கே நிரலை மாற்றுவார். கடலை போட்ட விவசாயி இங்கே மோட்டாரை ஓடவிட்டு, காத்திருந்து, மிஸ்டு கால் கொடுப்பார். "நிக்கலைங்க" என்பார். மறுபடி முதலிலிருந்து.

இடையில் விவசாயி என்னிடம் கேட்டார்:

"இவருக்கு எம்புட்டுங்க குடுக்குறீங்க?"

"ஒண்ணும் கேக்கலைங்க."

"சும்மாவா? நம்ம மோட்டாருக்காக லீவு நாள்ல உக்காந்துருக்காரு! சரிங்க, அவருக்கு ஒடம்பு கிடம்பு முடியாம போச்சுன்னா நம்ம கதி?"

சிரித்து மழுப்பினேன்.

நெடுநேரம் கால் வராவிட்டால் புதுப் போர்டு தூங்கிவிடுகிறது என்று வாத்தியார் கண்டுபிடித்துச் சரிசெய்தார். சாயங்காலம், கால் கொடுத்ததும் மோட்டார் நின்றது. விவசாயி லேப்டாப்பைப் பார்த்து, "நின்னுருச்சு சார்! நல்லாருப்பீங்க!" என்று சத்தமாகச் சொன்னார். அந்தப் பக்கம் வாத்தியாருக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் சிரித்தார்.

நன்றி எழுதியபோது, உங்களுக்குப் பிறகு இதை யார் பார்ப்பார்கள் என்றும் மெதுவாகக் கேட்டேன். யாருமில்லை, துணைக்கு ஆள் தேவை என்று நிரல் இருக்கும் பக்கத்தின் உச்சியிலேயே ரொம்ப நாளாக எழுதிப் போட்டிருக்கிறேன் என்றார். அதே பக்கத்திலிருந்துதான் நான் இத்தனை வருடமும் நிரலை இறக்கிக்கொண்டிருந்தேன். வெட்கமாகிவிட்டது.

இப்போது சனிக்கிழமை மதியங்களில் அவரோடு சேர்ந்து நானும் அந்த நிரலைப் பராமரிக்கும் வேலையைப் பார்க்கிறேன். "நம்ம வேலையே தலைக்கு மேல கெடக்கு, இது எதுக்கு மாப்ள?" என்று மச்சான் முணுமுணுப்பார். போன மாதம் எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாத ஒருவர், அதே நிரலில் ஓடும், கோழிப்பண்ணைக்குத் தண்ணீர் விடும் கருவி நின்றுவிட்டது, அவசரம் என்று எழுதியிருந்தார். உட்கார்ந்து சரிசெய்து அனுப்பினேன். முகம் தெரியாத ஒருவர் நமக்குச் செய்ததை அவருக்கே திருப்பிச் செய்ய முடிவதில்லை; முகம் தெரியாத இன்னொருவருக்குச் செய்யும்போதுதான் மனசு கொஞ்சம் ஆறுகிறது.